கச்சி வழியில் மீன்: பெரும்பாணாற்றுப்படையில் ஊட்டலும் உடனுண்டலும்

ஆய்வுச் சுருக்கம்

தொண்டைமான் இளந்திரையனது கச்சிக்குப் பாணனை வழிப்படுத்தும் பெரும்பாணாற்றுப்படை, சங்ககால உணவு வகைகளுக்கும் விருந்தோம்பலுக்கும் சான்றாகப் பெரிதும் எடுத்தாளப்படுகிறது. அந்நூலில் மீன் உணவாக வழங்கப்பெறும் இடம், கடற்கரைப் பட்டினத்தில் மீன் விருந்தாகாமை, அரசவிருந்தில் உணவுகள் தனிப்பெயர் இழத்தல் ஆகியவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. சிறுபாணாற்றுப்படை, பட்டினப்பாலை, புறநானூறு ஆகியவற்றோடு ஒப்பிட்டு, ஆற்றுப்படை காட்டும் விருந்தை 'உடனுண்டல்' என ஒரே சொல்லால் குறிப்பது பொருந்தாது என வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: பெரும்பாணாற்றுப்படை, கச்சி, வலைஞர், மீன், விருந்து, உடனுண்டல், ஊட்டல், மகமுறை.

பட்டியலும் வழியும்

பழந்தமிழர் உணவு பற்றிய கட்டுரைகளில் பத்துப்பாட்டின் ஆற்றுப்படை நூல்கள் தவறாது இடம்பெறும். எயினர் உப்புக்கண்டம் தந்தனர், ஆயர் பாலுந் தினைச்சோறுந் தந்தனர், உழவர் கோழியுஞ் சோறுந் தந்தனர், வலைஞர் மீன் தந்தனர் என நிலவாரியாக அடுக்கி, தமிழர் எல்லாரும் விருந்தினரோடு பகிர்ந்துண்டனர் என்னும் முடிவுரையோடு அவை நிறைவுறும். 1889-இல் உ. வே. சாமிநாதையர் நச்சினார்க்கினியர் உரையுடன் பத்துப்பாட்டைப் பதிப்பித்த பின்னரே இத்தகைய தொகுப்பு முயற்சிகளுக்கு வழி ஏற்பட்டது என்பதால், அவற்றின் பயனைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. ஆயினும் பட்டியல் ஒன்றை மறைத்துவிடுகிறது. ஆற்றுப்படை என்பது ஒரு வழி. அதில் ஓர் உணவு இன்னதற்கு முன், இன்னதற்குப் பின் என்னும் நிரல் உண்டு. அந்நிரலைக் கலைத்துவிட்டுப் பொருள்களை மட்டும் எடுத்துக்கொண்டால் கிடைப்பது சமையற்குறிப்பேயன்றிப் பாட்டன்று.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பெரும்பாணாற்றுப்படை 500 அடிகளை உடையது. பரிசில் பெற்று மீளும் பாணன், வறுமையில் உழலும் மற்றொரு பேரியாழ்ப் பாணனை எதிர்ப்பட்டு, இளந்திரையன் வாழும் கச்சிக்குச் செல்லும் வழியைச் சொல்கிறான். உப்பு வணிகரின் வண்டித்தொடர் செல்லும் பெருவழியில் தொடங்கி எயினர் குடில், குறிஞ்சி மறவர் ஊர், கோவலர் குடியிருப்பு, முல்லைநிலத்து உழுதுண்பார் ஊர், மருதநிலத்துப் பேரூர், கரும்பாலை, வலைஞர் குடியிருப்பு, அந்தணர் உறைபதி, நீர்ப்பெயற்று என்னும் பட்டினம், தோப்புக் குடிகள், திருவெஃகா எனக் கடந்து அவ்வழி கச்சியை அடைகிறது. பெரும்பாலான தங்கிடங்களில் ஓர் உணவு உறுதியளிக்கப்படுகிறது. 'பெறுகுவிர்' என்னும் வினைமுற்று அவ்வுறுதியை மீண்டும் மீண்டும் முத்திரையிடுகிறது.

இந்நிரலில் ஓர் உணவு மற்றோர் இடத்தில் திரும்ப வருவதில்லை. தினை ஓரிடத்தில், வரகு ஓரிடத்தில், வெண்ணெல் ஓரிடத்தில், பறவைப் பெயர் பெற்ற நெல் ஓரிடத்தில். ஊனும் அவ்வாறே: உப்புக்கண்டம், உடும்பு, கோழி, மீன், பன்றி. புலவர் ஒரு கொள்கையோடுதான் இவற்றை வைத்திருக்கிறார். தொல்காப்பியம் கருப்பொருள்களை எண்ணுமிடத்துத் தெய்வத்தை அடுத்து உணவையே வைக்கிறது என்பதை நினைவிற்கொண்டால், ஓரிடத்தின் உணவை மாற்றுவது அந்நிலத்தின் அடையாளத்தையே மாற்றுவதாகும் என்பது விளங்கும். இந்நூலில் மீன் எங்கே நிற்கிறது என்னும் வினாவுக்கு அதனாலேயே எடை கூடுகிறது.

வலைஞர் முற்றத்து விருந்து

மீன் உணவாக வழங்கப்பெறுவது வலைஞர் குடியிருப்பில் (அடி 263–282). இதனை நெய்தற் காட்சியாகச் சிலர் எழுதிவிடுகின்றனர். பாட்டின் அமைப்பு அதற்கு இடந்தரவில்லை. கரும்பாலைக்கும் அந்தணர் உறைபதிக்கும் இடைப்பட்ட இக்குடியிருப்பு குளத்தங்கரையில் உள்ளது. வேய்ந்த குடில், முன்றிலில் குவிந்த பறிகள், நீரில் மீன் பிடித்துத் திரியும் சிறுவர் என வரும் விவரங்கள் அனைத்தும் நன்னீர் சார்ந்தவை. காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள ஏரிகளையும் மதகுகளையும் அறிந்தவர்க்கு இது புதுமையன்று. நகரம் கடலிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. அதன் அன்றாட மீன் ஏரிமீனாகவே இருந்திருக்க வேண்டும்.

இவ்விருந்தை விவரிப்பதில் புலவர் காட்டும் பொறுமை வியப்புக்குரியது. உணவின் பெயரைச் சொல்லிக் கடந்து செல்லாமல், அது ஆக்கப்படும் முறையை ஒவ்வொரு படியாகச் சொல்கிறார். கொழியல் அரிசியைக் களியாகத் துழாவிச் சமைத்தல், அக்களியை வாயகன்ற தட்டுப்பிழாவில் இட்டு ஆற்றுதல், பாம்பு வாழும் புற்றின் உட்புறத்துக் குரும்பியைப் போன்ற தோற்றமுடைய நெல்முளையை இடித்துச் சேர்த்தல், இரண்டு பகலும் இரண்டு இரவும் கழியவிடுதல், வலிய வாயையுடைய சாடியில் முதிரவிட்டு விரலால் அலைத்துப் பிழிதல் எனச் செய்முறை விரிகிறது. மாவுப்பொருள் முளையரிசியால் இனிப்பேறிப் பின் புளித்து மதுவாகும் தொழில்நுட்பத்தை இத்துணைச் சுருக்கமாகவும் முழுமையாகவும் சொல்லும் பகுதி பத்துப்பாட்டில் வேறு எளிதில் கிட்டாது. அம்மதுவோடு சுட்ட மீன் கிடைக்கும் என்பதே வாக்குறுதி.

இங்கு இரண்டு செய்திகள் உள்ளன. தீட்டாத அரிசியில் ஆக்கிய கள் விற்பனைக்காக வடிக்கப்பட்டதாகச் சொல்லப்படவில்லை; வீட்டாரின் சொந்தச் சாடியிலிருந்து அது வருகிறது. அடுத்து, அதற்கு இரண்டு நாள் தேவை. பாணன் என்று வருவான் என்பது வலைஞருக்குத் தெரியாது. எனவே அவனுக்கென்று தனியே ஆக்கியதன்று அது. தாம் உண்ணவிருந்ததையே அவர்கள் பங்கிடுகின்றனர். விருந்தினனுக்கும் விருந்தளிப்போனுக்கும் ஒரே கலத்து உணவு என்பது உண்மையான பொருளில் இங்குத்தான் நிகழ்கிறது. 'தமிழர் பகிர்ந்துண்டனர்' என்னும் பொதுக்கூற்றுக்குச் சான்று வேண்டுவோர் அரண்மனைக்குச் செல்வதற்கு முன் இம்முற்றத்தில் நிற்பது நலம்.

இதனை அடுத்துப் பாணன் செல்லுமிடம் அந்தணர் மனை. வீட்டுக் கோழியும் நாயும் அணுகாத அம்மனையில் கிளி மறை பயில்கிறது. அங்குச் சோற்றோடு வெண்ணெயில் வெந்த மாதுளங்காய், மிளகு, கறிவேப்பிலை, மாவடு ஊறுகாய் ஆகியவை கிடைக்கின்றன. கள்ளும் மீனும் மணக்கும் முற்றத்திலிருந்து மாவடு மணக்கும் முற்றத்திற்கு ஒரே பாணன் ஒரே நாளில் செல்லக்கூடும். இரண்டுக்கும் பாட்டில் ஒரே வினைமுற்று. ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்னும் குறிப்பு எதனையும் புலவர் இடவில்லை. பிற்காலத்து நூல்கள் இவ்வளவு அமைதியாக இவ்விரு வீடுகளையும் அடுத்தடுத்து வைத்திரா.

பட்டினத்தில் மீன் இல்லை

அந்தணர் உறைபதியைக் கடந்ததும் கடல் வருகிறது. நெய்தலின் வாயிலில் புலவர் வைத்துள்ள காட்சி (அடி 311–319) இக்கட்டுரையின் நோக்கில் மிக முதன்மையானது. நீராடும் மகளிர் கழற்றியிட்ட பொற்குழையைத் தன் இரையென மயங்கிச் சிரல் பாய்ந்து எடுக்கிறது. பின்னர் அது தன் பனைமடலுக்குச் செல்லாமல் அந்தணரின் வேள்வித்தூணில் சென்று அமர்கிறது. தூணின்மேல் இருக்கும் அப்பறவை யவனரின் அன்ன விளக்கைப் போலவும், வைகறையில் தோன்றும் மீனைப் போலவும் காட்சி தருகிறது. ஈண்டு மீன் என்றது வெள்ளியாகிய விண்மீனை.

மீனுண்ணும் பறவை பொன்னைக் கவ்வுகிறது. அதுவே பின் விண்மீனாகிறது. இரைதேடும் உயிர்க்கு இரை கிடைக்கவில்லை. பட்டினத்தின் செல்வம் கிடைத்திருக்கிறது. உவமையழகு என்று மட்டும் இதனைக் கடந்து சென்றால், அடுத்துவரும் விருந்தில் உள்ள விந்தை கண்ணுக்குத் தெரியாமல் போகும். குதிரைகளையும் வடநாட்டு வளங்களையும் கொணரும் நாவாய்கள் சூழ்ந்த நீர்ப்பெயற்றில் பாணனுக்குக் கிடைப்பது மீனன்று; பன்றி (அடி 339–345). கள் அடும் மகளிர் வட்டில் கழுவிய நீர் வழிந்து சேறாகிறது; அச்சேற்றில் பெண்பன்றிகள் குட்டிகளோடு புரள்கின்றன; அவற்றோடு சேரவிடாமல் ஆண்பன்றி ஒன்றைக் குழியில் நிறுத்தி, நெல்மாவைத் தீற்றிப் பலநாள் கொழுக்க வைத்திருக்கின்றனர். அதன் கொழுவிய தசையும் முதிர்ந்த கள்ளும் விருந்தாகின்றன.

கடற்கரையில் மீனைத் தராமல் பன்றியைத் தருவது புலவரின் அறியாமையால் நேர்ந்ததாக இருக்க முடியுமா? முடியாது என்பதற்குச் சான்று அவரது மற்றொரு பாட்டிலேயே உள்ளது. பட்டினப்பாலையும் உருத்திரங்கண்ணனார் இயற்றியதே. அதில் காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் கடல் இறாலைச் சுட்டுத் தின்கின்றனர், வயல் ஆமையை வேகவைத்து உண்கின்றனர். நிறைமதி நாளில் கடலுக்குச் செல்லாமல் சுறாவின் கொம்பை நட்டு வழிபட்டு, உண்டும் குடித்தும் ஆடியும் மகிழ்கின்றனர். கடைத்தெருவின் முன்றில்களில் மீனையும் தசையையும் அறுத்துப் பொரிக்கும் ஓசை கேட்கிறது. சுற்றமும் நட்பும் கூடிக் கடலுணவு கொள்ளும் மகிழ்ச்சியைத் தமிழில் இவரைவிட நன்றாகப் பாடியவர் சிலரே. அத்தகையவர் நீர்ப்பெயற்றில் மீனை விலக்கியிருக்கிறார் என்றால், அது தேர்ந்து செய்த செயல்.

தேர்வுக்கான முதற்காரணம் அமைப்பு சார்ந்தது. மீன் ஏற்கெனவே வலைஞர் முற்றத்தில் வழங்கப்பட்டுவிட்டது. திரும்ப வழங்கினால் நிரல் பழுதுபடும். ஆனால் அதுமட்டும் போதாது. நிரலைக் காப்பதே நோக்கமாயின் வலைஞரிடம் வேறொன்றை வைத்து, மீனைப் பட்டினத்திற்கு ஒதுக்கியிருக்கலாம். சிறுபாணாற்றுப்படை அவ்வாறே செய்கிறது. இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனாரின் அந்நூலில் எயிற்பட்டினத்துப் பரதவர் பழைய தேறலோடு உலர்ந்த குழல்மீன் சூட்டைத் தருகின்றனர் (அடி 146–163). மருதநிலத்து ஆமூரில் நண்டுக் கலவையோடு வெண்சோறு கிடைக்கிறது (அடி 188–195). கடலுக்குக் கடல்மீன், வயலுக்கு வயல்நண்டு என்னும் ஒழுங்கு அது. பெரும்பாணாற்றுப்படை இவ்வொழுங்கை ஏற்காமல், உழைப்போரின் குளத்தில் மீனையும் வணிகரின் துறையில் நெல்மா தின்ற பன்றியையும் வைக்கிறது. வலைஞர் தீட்டாத அரிசியைத் தாம் உண்ணும் களியாக்குகின்றனர். பட்டினத்தார் நெல்லை மாவாக்கிப் பன்றிக்கு இடுகின்றனர். மிச்சம் எங்கே குவிகிறது என்பதைப் புலவர் சொல்லாமற் சொல்கிறார்.

உரைமரபும் இதற்கு ஒருவகையில் துணைநிற்கிறது. நெய்தலுக்குரிய உணவாக உரையாசிரியர்கள் மீனைச் சொல்லவில்லை. மீனும் உப்பும் விற்றுப் பெற்ற பொருளையே சொல்கின்றனர். கடற்கரையில் மீன் உணவாவதற்கு முன் பண்டமாகிவிடுகிறது என்னும் பட்டறிவு அதில் உண்டு. ஐங்குறுநூற்று மருதப் பாடல்களில் மீனைக் கொட்டி நெல்லும் பயறும் பெற்றுச்செல்லும் பாண்மகளும் இதே மாற்றுப் பொருளியலைச் சேர்ந்தவளே. பொருநராற்றுப்படையிலும் தேனும் கிழங்கும் தந்தவர் மீன்நெய்யும் நறவும் பெற்றுச் செல்கின்றனர். விற்கப்படாத மீன், அதாவது பிடித்தவரே சுட்டு வந்தவருக்கும் கொடுக்கும் மீன், இச்சூழலில் அரிய பொருள்.

கச்சியின் கலங்கள்

பட்டினத்தையும் அதன் கலங்கரை விளக்கத்தையும் கடந்து, தென்னையும் பலாவும் வாழையும் தரும் தோப்புக் குடிகளைக் கடந்து, பாம்பணையில் பள்ளிகொண்டோனின் திருவெஃகாவை வழிபட்டுப் பாணன் கச்சியை அடைகிறான். திருவெஃகாவில் உணவு எதுவும் குறிக்கப்படவில்லை. யாழை இயக்கிச் செல்க என்பதே அறிவுரை. இன்று காஞ்சியின் உணவு என்றதும் வரதராசப் பெருமாள் கோயில் இட்டலி நினைவுக்கு வருகிறது. பாட்டின் காஞ்சியிலோ கோயில் இசைக்குரிய இடம், உணவுக்குரியது அரண்மனை.

கச்சி அரசனின் விருந்து (அடி 469–480) பல கட்டுரைகளில் விருந்தோம்பலின் உச்சமாகக் காட்டப்படுகிறது. கொடுவாள் பட்ட வடுவுடைய வலிய கையினனாகிய மடையன் சமைத்த பல ஊன், தெரிந்தெடுத்த செந்நெல்லரிசிச் சோறு, இனிய அமுது போன்ற பிற உணவுகள், இவற்றை மூடிக் கொணரும் முறைமை ஆகியவை சொல்லப்படுகின்றன. சமையற்காரனின் கைத்தழும்பைக் கண்ட புலவர், அவன் சமைத்த விலங்கின் பெயரைச் சொல்லவில்லை. வழியெங்கும் ஒவ்வோர் உணவும் தன் பெயரோடு வந்தது. கச்சியில் அவை அனைத்தும் 'பல்லூன்' என்னும் தொகைக்குள் அடங்கிவிடுகின்றன.

அத்தொகையில் மீனும் அடங்கியிருக்கலாம். பட்டினப்பாலையில் மீனையும் தசையையும் சேர்த்தே ஊன் என்று இப்புலவர் சொல்கிறார் என்பதால், அரசவிருந்தில் மீன் இல்லை என்று அறுதியிடுவதற்கில்லை. மீன் பெயர்பெறவில்லை என்பதே உறுதியாகக் கூறத்தக்கது. ஆனால் 'மீன்' என்னும் சொல் அவ்விருந்தில் உண்டு. பரப்பிய வெள்ளிக்கலங்கள் வானத்தில் மீன் பூத்தாற்போலத் தோன்றுகின்றன. சிறுபாணாற்றுப்படையின் நல்லியக்கோடன் விருந்திலும், கோள்மீன்கள் சூழ்ந்த இளஞாயிற்றை இகழும் பொற்கலமே வருகிறது. வலைஞர் முற்றத்தில் நெருப்பில் வெந்த மீன், சிரலின் வாயில் பொன்னாக மாறி, தூணின்மேல் வெள்ளியாக ஒளிர்ந்து, அரசனின் முன்றிலில் கலமாகப் பூத்துவிடுகிறது. அலைதந்த மரபினன் என்று புகழப்படும் திரையனின் உண்கலத்தில் கடல் இவ்வாறு உவமையாகவே வந்துசேர்கிறது.

இது சொல்விளையாட்டுப் போலத் தோன்றலாம். எனினும் விருந்தின் இயல்பு மாறியிருப்பதை இவ்வுவமை நன்கு உணர்த்துகிறது. வலைஞர் விருந்தில் கேட்போன் உள்ளம் உணவின்மேல் நிற்கிறது. அரசவிருந்தில் கலத்தின்மேல் நிற்கிறது.

ஊட்டுவோனும் உண்போரும்

அரசன் செய்வது என்ன? தானே நின்று, முகம் மலர்ந்து, குறையாத விருப்பத்தோடு ஊட்டுகிறான். இக்கருத்தைச் சொல்லும் தொடர் சிறுபாணாற்றுப்படையிலும் சொல்மாறாமல் வருகிறது. க. கைலாசபதி தமது 1968-ஆம் ஆண்டு ஆங்கில நூலில் சங்கப் பாடல்களை வாய்மொழி மரபின் வழிநின்று ஆராய்ந்து, இத்தகைய மீள்வரும் தொடர்களைப் பாணர் மரபின் வாய்பாடுகளாக விளக்கினார். அவ்விளக்கம் தொடர் ஏன் திரும்ப வருகிறது என்பதற்கு விடையளிக்கிறது. அத்தொடர் எதனைச் சொல்லவில்லை என்பது வேறு வினா. நிற்பவன் உண்பவன் அல்லன். இளந்திரையனோ நல்லியக்கோடனோ பாணரோடு அமர்ந்து உண்டதாக அப்பகுதிகள் சொல்லவில்லை. பொருநராற்றுப்படையின் கரிகாலனும் உண்ண வற்புறுத்துகிறான்; பொருநனின் பற்கள் கொல்லையை உழுத கொழுப்போல மழுங்கும்வரை ஊன் தருகிறான். ஊட்டலின் அளவு பெருகப்பெருக உடனுண்டலின் குறிப்பு காணாமற்போகிறது.

அரசர் எவரும் உடனுண்டதில்லை என்று பொருள்கொள்ளலாகாது. அதியமான் மறைவின்பின் ஔவையார் பாடிய கையறுநிலை (புறம் 235) வேறொரு வழக்கத்தைக் காட்டுகிறது. கள் சிறிதாயின் பாடுவோர்க்கே கொடுத்துவிடுதல், பெரிதாயின் அவர்கள் பாடத் தானும் மகிழ்ந்து உண்ணுதல், சோறு சிறிதாயினும் பெரிதாயினும் பல கலங்களோடு உண்ணுதல், எலும்போடு கூடிய தசையை அவர்களுக்கு ஆக்குதல் எனப் பங்கீட்டின் நுண்முறைகள் அதில் சொல்லப்படுகின்றன. அங்கே அளவு முதன்மை. எவ்வளவு இருந்தது, யார் எவ்வளவு எடுத்தனர் என்னும் கணக்கு நினைவாகிறது. ஆற்றுப்படையிலோ அளவற்ற வளமே சொல்லப்படுகிறது. இழந்தபின் பாடும் பாட்டுக்கும் பெறுமுன் நம்பிக்கையூட்டும் பாட்டுக்கும் உள்ள வேறுபாடு இது. தனித்து உண்ணாதோரால் உலகம் நிலைபெறுகிறது என்னும் கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதியின் கருத்தையும் (புறம் 182) இவ்விரண்டுக்கும் பொதுவான இலக்கணமாக எடுத்துக்கொள்வதற்கில்லை. தனித்து உண்ணாமை வேறு. உடன் உண்டல் வேறு. உண்பிக்கும்போது தான் உண்ணாதிருத்தல் மூன்றாவது.

உடனுண்டலை ஐயத்திற்கிடமின்றிச் சொல்லும் இடம் சிறுபாணாற்றுப்படையில் உள்ளது. அது விருந்தன்று, வறுமை. குட்டிகளுக்குப் பால் சுரவாத நாய் குரைக்கும் அட்டிலில், கிணைமகள் குப்பைக்கீரையைக் கிள்ளி உப்பின்றி வேகவைக்கிறாள். புறங்கூறுவோர் காண நாணிக் கதவை அடைத்துவிட்டுப் பெருஞ்சுற்றத்தோடு ஒருசேர அமர்ந்து உண்கின்றனர். அதே பாட்டில் அரசனின் வாயில் அடையாத வாயில். கதவு அடைத்த வீட்டில் எல்லாரும் சேர்ந்து உண்கின்றனர். கதவு திறந்த வீட்டில் ஒருவன் நின்று மற்றவரை உண்பிக்கிறான். நத்தத்தனார் இம்முரணை எவ்வகை அழுத்தமுமின்றி வைத்துச் செல்கிறார்.

பெருஞ்சுற்றத்தோடு ஒருசேர என்னும் அத்தொடர் பெரும்பாணாற்றுப்படையில் வேறொரு வினையோடு வருகிறது. கச்சியில் பாணனும் சுற்றமும் ஒருசேரப் புத்தாடை உடுக்கின்றனர் (அடி 469–470). ஆவியை ஒத்த மெல்லிய நூலாலான கலிங்கம் அது. நெசவூராகிய காஞ்சியின் பட்டு மரபை இதனோடு உடனே முடிச்சிட்டுவிடும் ஆர்வம் சிலரிடம் உண்டு; பாட்டு நூல் என்றே சொல்கிறது, பட்டு என்று சொல்லவில்லை. கரிகாலன் தந்த ஆடையைப் பட்டென்று பொருநராற்றுப்படை வெளிப்படையாகச் சொல்லும்போது, இங்கு அச்சொல் இல்லாமை கருதத்தக்கது. நெசவு வரலாற்றுக்கு இவ்வடிகள் தரும் சான்று அவ்வளவே. கவிதைக்குத் தருவதோ மிகுதி: வறுமையில் உண்பதற்குச் சேர்ந்த சுற்றம், வளத்தில் உடுப்பதற்குச் சேர்கிறது.

இவ்விருமைக்கு இடையே ஒரு சொல் பாலமாக நிற்கிறது. அது 'மகமுறை'. சிறுபாணாற்றுப்படையின் ஆமூரில் உழவர் தங்கையாகிய மனைக்குரியவள் பாணரை மகமுறையால் தடுத்து நிறுத்திச் சோறும் நண்டும் தருகிறாள். பெரும்பாணாற்றுப்படையின் கச்சியில் அரசன் மகமுறையாக நோக்கி ஊட்டுகிறான். தன் பிள்ளைகளைக் கொண்டு தடுத்தல், தன் பிள்ளைகளைப்போலக் கருதித் தடுத்தல் என முதலிடத்திலும், விருந்தினரின் பிள்ளைகளை ஒவ்வொருவராக நோக்குதல், விருந்தினரைப் பிள்ளைகளாக நோக்குதல் என இரண்டாம் இடத்திலும் பொருள்கொள்ள இடமுண்டு. எவ்வாறு கொண்டாலும் விருந்து குடும்பத்தின் சாயலைப் பெறுகிறது. ஆனால் தாய்மை போன்ற அம்முறை ஆமூரில் ஒரு பெண்ணின் வாசலில் நண்டின் பெயரோடு வருகிறது. கச்சியில் வெள்ளிக்கலத்தின் ஒளியோடு வருகிறது. முன்னதை உறவு என்றும் பின்னதைப் புரத்தல் என்றும் வேறுபடுத்துவது மிகையாகாது. பிள்ளையை ஊட்டும் தாய் பிள்ளையோடு அமர்ந்து உண்பதில்லை என்று மறுப்போர் இருக்கலாம். அம்மறுப்பு வலுவுடையதே. எனினும் தாய் அடுத்த வேளையும் ஊட்டுவாள். அரசன் யானையும் தேரும் கொடுத்து அனுப்பிவிடுவான்.

தூண்டிலில் பாணன்

வலைஞர் விருந்துக்கும் அந்தணர் மனைக்கும் இடையே ஆறு அடிகள் (283–288) உள்ளன. உணவுப் பட்டியல்களில் அவை இடம்பெறுவதில்லை. அங்கே எவரும் எவர்க்கும் உணவு தருவதில்லை என்பதே காரணம். பச்சிறைச்சி இட்ட தோற்பையைத் தோளில் தொங்கவிட்ட பாண்மகன் ஒருவன் நெடிய மூங்கிற்கோலில் கயிறு கோத்துத் தூண்டில் இட்டிருக்கிறான். இரையைக் கவ்விய வாளைமீன் வளைந்த இரும்பில் அகப்படாமல் தப்பிவிடுகிறது. தப்பியது கரையோரப் பிரம்பின் நிழல் நீரில் அசைவதைக் கண்டு, அதனையும் தூண்டிற்கோல் என எண்ணி நடுங்குகிறது.

உரைவழியில் இது கயத்தின் ஆழத்தையும் வளத்தையும் காட்டும் அடைமொழியாகவே கொள்ளப்படுகிறது. இலக்கணப்படி அது சரி. நெடிய கயத்தைச் சிறப்பிக்கவே இக்காட்சி வந்துள்ளது. ஆனால் பாட்டைக் கேட்டுக்கொண்டிருப்பவனும் பாணன்தான். பேரியாழ் ஏந்தியவன் ஒருவன். தூண்டில் ஏந்தியவன் ஒருவன். ஐங்குறுநூற்றில் வலைவல்ல பாண்மகனின் மகள் வராலைச் சொரிந்து நெல் பெறுகிறாள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், மீன்பிடித்தல் பாணர் குடியின் வாழ்தொழில்களுள் ஒன்று என்பது தெளிவாகும். பரிசில் கிடைக்காத நாளில் பாணன் கையில் எது இருக்கும் என்பதை உருத்திரங்கண்ணனார் வழியின் நடுவில் காட்டிவிட்டார். அவனுக்கு இரையும் போயிற்று, மீனும் போயிற்று. அவனைக் கச்சிக்கு ஆற்றுப்படுத்துவார் எவருமில்லை. சில அடிகளுக்கு முன்பு வலைஞர் முற்றத்தில் சுட்ட மீனும் இருநாட் கள்ளும் பெற்ற பாணன், இந்தப் பாணனைக் கடந்துதான் அந்தணர் உறைபதிக்குச் செல்லவேண்டும். இருவரும் ஒருவரையொருவர் கண்டதாகப் பாட்டு சொல்லவில்லை. வாளை மட்டும் நிழலைக் கண்டு அஞ்சிக்கொண்டிருக்கிறது.